நல்லெண்ணெய் குடித்த ஃபில்டர்

நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன வாரம் பிள்ளைகள் ஒரு போட்டோ அனுப்பினார்கள். பின்பக்கம் நான் உட்கார்ந்திருந்த அறை. இப்போது அதில் ஏசி, சோபா, சுவரில் பெரிய டிவி. பேட்டரி கார்கள் நிறைய வருகின்றனவாம், சார்ஜ் ஏறும்வரை கார்க்காரர்கள் உட்கார இடம் வேண்டுமாம். பேட்டரி காருக்கு இன்ஜினே கிடையாது, அப்புறம் ஏர் ஃபில்டர் எதற்கு, அதைக் கழுவ ஓர் அறைதான் எதற்கு? போட்டோவுக்குக் கீழே ஒருத்தன் பேசி அனுப்பியிருந்தான். "கஸ்தூரிக்கா, ஏசி போட்டும் உள்ள வேர்க்குது. நீ ஃபேன்கூட இல்லாம, கதவ வேற சாத்திக்கினு எப்டிக்கா குந்திக்கினு இருந்த? எழுதி அனுப்புக்கா, குரூப்ல போடலாம்."

அவனுக்கு அது விளையாட்டு. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. எப்படி இருந்தாய் என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டான், எழுதுகிறேன். பெரும்பாக்கத்தில் இந்த மாடி வீட்டில் எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

என் வீட்டுக்காரர் அங்கே டிங்கராக இருந்தார். அடிபட்டு நசுங்கி வருகிற கார்களைத் தட்டி நிமிர்த்துவார். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். முதலாளி இரக்கப்பட்டு என்னைப் பெருக்கவும் டீ வாங்கி வரவும் வைத்துக்கொண்டார். ஒர்க்‌ஷாப் மந்தைவெளியில், எங்கள் குடிசை அடையாறு ஆற்றங்கரையில், காலையில் நடந்தே போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கழுவிப் போடுகிற ஏர் ஃபில்டர்களை விற்க ஆரம்பித்தார். ஒரு தடவை வாங்கினால் போதும், பேப்பர் ஃபில்டர் மாதிரி தூக்கிப் போட வேண்டாம், காருக்கு ஆயுசு உள்ளவரை வரும் என்று சொல்லி விற்றார். விற்றாயிற்று, கழுவுவது யார்? மெக்கானிக்குகளுக்கு ஏது பொறுமை! கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சினார்கள், வெயிலில் போட்டார்கள், எண்ணெயை மொண்டு ஊற்றினார்கள். போன கார்களெல்லாம் இருமிக்கொண்டே திரும்பி வந்தன. ஃபோர்மேன் எத்திராஜ் சார் ஒருநாள் என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்தினார். "இங்க வாம்மா" என்றார். எனக்கு நடந்த இன்டர்வியூ அவ்வளவுதான். அப்புறம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டேன். அதை விவரமாகச் சொன்னால் படிக்கிறவர்களுக்கும் திட்டு விழுந்த மாதிரி இருக்கும், விட்டுவிடுகிறேன்.

வேலை இதுதான். இன்ஜினுக்குள் போகிற காற்றில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்வது ஃபில்டர். கழுவுகிற ஃபில்டரில் கம்பி வலைக்கு நடுவே பருத்தித் துணி மடிப்பு மடிப்பாக இருக்கும், அதில் மெல்லிசாக எண்ணெய் பூசியிருக்கும். தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஃபில்டரைக் கழற்றியதும், திறந்து கிடக்கிற குழாயின் வாயைச் சுத்தமான துணியால் மூட வேண்டும், ஒரு மண் துகள்கூட உள்ளே விழக்கூடாது. பிறகு ஃபில்டரைக் கையில் மெதுவாகத் தட்டி, மேலே இருக்கிற அழுக்கைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும். கழுவுகிற மருந்தை இரண்டு பக்கமும் அடித்து ஊறவிட வேண்டும். ஆனால் அது காய்ந்து போவதற்குள் கழுவிவிட வேண்டும், காய்ந்தால் அழுக்கு அங்கேயே செட்டாகிவிடும். தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்ல விட வேண்டும். அழுக்கு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே வெளியே போக வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியில் எண்ணெய். அது சிவப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பின் நுனியிலும் ஒரே ஒரு கோடு, கோலப்பொடி விடுகிற மாதிரி. அதற்குமேல் கையை வைக்கக் கூடாது. எண்ணெய் தானாக ஊறிப் பரவும். பரவின பிறகு வெளுப்பாகத் தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. எண்ணெய் கூடிப்போனால் காற்று அதை இழுத்துக்கொண்டுபோய், குழாய்க்குள் இருக்கிற சென்சாரில் பூசிவிடும். சென்சார் என்பது தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. அதில் எண்ணெய் பட்டால் இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வருகிறதென்றே தெரியாமல் போய், சிக்னலில் நிற்கும்போது பொசுக்கென்று அணைந்துவிடும்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு வேலை இருக்கிறதே, காயவைப்பது, அதுதான் என்னைத் தின்றது. ஃபில்டர் தானாகத்தான் காய வேண்டும். வெயில் கூடாது, ஹீட்டர் கூடாது, கம்ப்ரஸர் காற்று கூடவே கூடாது. ஒர்க்‌ஷாப்பில் எந்நேரமும் தூசி பறக்கும். ஈரத் துணியில் அது போய் ஒட்டும். அதனால் கதவைச் சாத்திவைக்க வேண்டும், ஃபேன் போடக் கூடாது, ஆள் போகவர இருக்கக் கூடாது. இது எத்திராஜ் சார் போட்ட சட்டம். அறையின் ஃபேனை அவரே ஏணி போட்டு ஏறிக் கழற்றினார். வெளியே பிள்ளைகள் கத்துவதும் சிரிப்பதும் டீ கிளாஸ் சத்தமும் கேட்கும். உள்ளே நானும், அலமாரியில் வரிசையாக ஃபில்டர்களும். சித்திரை மாதத்தில் புடவையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஒர்க்‌ஷாப்பில் நான் ஒருத்திதான் பொம்பளை, அதனால் சாப்பாட்டையும் அந்த அறைக்குள்ளேயே முடித்துக்கொள்வேன். ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பின பிறகு, மகளும் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு, அங்கேயும் மூடின கதவு, இங்கேயும் மூடின கதவு என்று ஆகிவிட்டது. சில நாள் காலையில் பஸ் கண்டக்டரிடம் பேசினதுதான் அன்றைக்குப் பேசினதாக இருக்கும்.

எத்திராஜ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரீஸுக்கு நடுவில் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற மனுஷன். பாராட்டவே மாட்டார். நான் முடித்துக் கொடுத்த ஃபில்டரை முதலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிச் சுற்றுவார். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தாலும் துணியில் ஓட்டை என்று அர்த்தம், நேராகக் குப்பைக்கூடை. பேச்சே கிடையாது. தேறினால் பாக்கெட்டிலிருந்து மடித்த வெள்ளைக் கர்சீப்பை எடுத்து ஃபில்டரின் உள்பக்கத்தில் அழுத்துவார். சிவப்பு ஒட்டினால் எண்ணெய் கூடுதல், "இன்னொரு தபா" என்று என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒட்டாவிட்டால் கர்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அதுதான் பாராட்டு. அந்தக் கர்சீப்களைத் துவைத்த அந்த வீட்டம்மா புண்ணியவதி.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில், லஸ் முனையில் நின்றுபோன ஒரு சின்ன காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே ஆட்டோவில் ஒரு மாமி வந்து இறங்கினார். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் வீடு, பெயர் ஜானகி, வயது எழுபதுக்குப் பக்கம். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

எத்திராஜ் சார் பானெட்டைத் திறந்தார். கூம்பு வடிவத்தில், பெரிய கார்ப் பைத்தியங்கள் மாட்டுகிற மாதிரி ஒரு ஃபில்டர். அதைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே என் அறைக் கதவைத் தட்டினார். "இன்னா வாசனம்மா இது?"

நான் மோந்து பார்த்தேன். "நல்லெண்ணெய் சார். சீயக்காயும் கீது."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "இன்னா மாமி, காருக்குத் தலைக்கு ஊத்துனீங்களா?" என்றான் ஒருத்தன். மாமியின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு உங்காத்தா ஊத்தி இருந்தா நீ இப்டி இளிப்பியாடா? போய் வேலயப் பாரு" என்று கத்தினேன்.

ஆனால் அவன் சொன்னதுதான் நடந்திருந்தது. மாமியின் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்த ஃபில்டரைத் தானே கழுவுவாராம். மாமி சமையல் வேலைக்கு நடுவே மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததுதான். கழுவுவார், காயவைப்பார், எண்ணெய் போடுவார். அவர் காலமான பிறகு, அவர் கை பட்ட சாமானை வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லாமல் மாமியே செய்திருக்கிறார். எண்ணெய், குளிப்பாட்டல் என்றால் நம் வீடுகளில் எப்படிச் செய்வோம்? அழுக்கு இளகட்டும் என்று முதலில் நல்லெண்ணெயை நன்றாகத் தேய்த்து ஊறவைத்து, அப்புறம் சீயக்காய்ப் பொடி போட்டுக் கசக்கி, வெயிலில் உலர்த்தி, "வறண்டு கிடக்கப்படாதேன்னு" மறுபடியும் ஒரு கை எண்ணெய் வைத்திருக்கிறார். மடிப்புக்கு மடிப்பு சீயக்காய் சேறாக அடைத்திருந்தது.

எத்திராஜ் சார் அதைக் குப்பைக்கூடையில் போட்டார். சென்சாரைச் சுத்தம் பண்ணி, அதே மாடல் பழைய கார் ஒன்றிலிருந்து ஃபில்டர் டப்பாவைக் கழற்றி மாட்டி, அதில் புதுப் பேப்பர் ஃபில்டர் போட்டுக் கொடுத்தார். கார் பூனை மாதிரி ஓடிற்று. மாமி கும்பிட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். "வண்டி நன்னாத்தான் ஓடறது. சத்தம்தான் வரலை. எனக்கு அந்தப் பழைய ஃபில்டர் வேணும்."

"சத்தம் வராம ஓடணும்னுதான் மாமி எல்லாரும் எங்க கைல சண்ட போடுறாங்க" என்றார் எத்திராஜ் சார்.

கூம்பு ஃபில்டரில் அது ஒரு விசேஷம். மேலே மூடுகிற டப்பா இருக்காது என்பதால், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற சத்தம் உர்ரென்று தெருமுனை வரைக்கும் கேட்கும்.

மாமி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார். "என் தங்கை சாரு பெசன்ட் நகர்ல ஒரு ஹோம்ல இருக்கா. அவளுக்கு ஞாபகமெல்லாம் போயிடுத்து. ஆட்டோல போய் நின்னா என்னையே யாருன்னு கேப்பா. இந்தக் கார் சத்தம் கேட்டா மட்டும் எழுந்து கேட்டுக்கு ஓடி வந்துடுவா, அக்கான்னு கூப்பிடுவா. போன வாரம் போனேன். ஹாரன் அடிச்சேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, யாரோன்னு திரும்பிப் படுத்துண்டுட்டா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

அதே மாதிரி புதிது வாங்கிப் போடலாம் என்றால், அந்த ஃபில்டர் இப்போது வருவதில்லை. வேறு ஃபில்டர் போட்டால் வேறு சத்தம். எத்திராஜ் சார் நேராகப் பின்பக்கம் போய், மழையால் இன்னும் அள்ளாமல் கிடந்த குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கிளறினார். அன்றைக்கு அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க அழுக்கு. ஃபில்டரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "தேறினா தேறட்டும். ஓட்ட உழுந்தா குப்பதான்" என்றார்.

நல்லெண்ணெய் இன்ஜின் சூட்டில் காய்ந்து பிசினாகியிருந்தது. பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ முக்கினால் ஒரு நிமிஷத்தில் கரையும், ஆனால் ரப்பரும் பசையும் சேர்ந்து போய்விடும். மருந்தை அடித்து, ஊறவைத்து, மடிப்பை விரலால் விரிக்காமல் பிரஷ் நுனியால் நீவி, உள்ளிருந்து தண்ணீர் விட்டேன். சீயக்காய் பழுப்பாக வழிந்துகொண்டே இருந்தது. அறை முழுக்கச் சனிக்கிழமைக் குளியல் வாசனை. ஈரத்தில் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும், காய்ந்த பிறகுதான் எண்ணெய் இருக்கிற இடம் கறுப்பாகத் தெரியும். காயவைத்தேன், கறுப்பு இருந்தது, மறுபடி கழுவினேன். மழைக்காலத்தில் அது காயவும் மாட்டேன் என்றது. ஒவ்வொரு தடவை கழுவும்போதும் துணி நைந்துவிடுமோ என்று தண்ணீரை இன்னும் மெல்ல விடுவேன்.

மாமி தினமும் வந்தார். மூன்றாவது தடவை காயவைத்திருந்தபோது, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "உள்ளே வரலாமா?" என்றார். சட்டப்படி கூடாது. ஆனால் அந்த அறைக்குள் வரலாமா என்று கேட்ட முதல் ஆள் அவர். "மெதுவா வாங்க மாமி, காத்து அடிக்கக் கூடாது" என்றேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஃபில்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எத்திராஜ் சார் ஒரு தடவை எட்டிப் பார்த்தார், கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

"உனக்கு யாரெல்லாம் இருக்கா?" என்று மாமி கேட்டார்.

"பொண்ணு ஓசூர்ல கீது மாமி. ஃபோன் பண்ணும். வூட்டுக்குப் போனா கதவத் தொறக்க ஆள் கெடையாது. நானே பூட்னேன், நானே தொறக்கணும்."

"எங்காத்துலயும் அதேதான். ராத்திரி சாதம் வடிச்சா யாருக்குன்னு வடிக்கறதுன்னு இருக்கு."

 பேசாமல் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபில்டர் இன்னும் நாலு நாள் காயாமல் இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகு, கடைசியில் காய்ந்தது. கறுப்பு இல்லை. மடிப்பு மடிப்பாகச் சிவப்பு எண்ணெயைக் கோடு போட்டேன், ஊறவிட்டேன், எத்திராஜ் சாரிடம் கொடுத்தேன். அவர் வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். ஒரு மடிப்பின் நுனியில் துணி மெலிந்து வெளிறியிருந்தது. அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கர்சீப்பை அழுத்தினார், சிவப்பு ஒட்டவில்லை. ஆனால் பாக்கெட்டில் போடவில்லை. ஃபில்டரை மாட்டி, தானே காரை எடுத்துக்கொண்டு, பால வேலை நடந்து மண் பறக்கிற தெருவாகப் பார்த்துச் சுற்றிவிட்டு வந்தார். மறுபடியும் ஃபில்டரைக் கழற்றி, குழாய்க்குள் விரலை விட்டுக் கர்சீப்பால் துடைத்தார். வெள்ளையாகவே வந்தது. அதற்கப்புறம்தான் மடித்துப் பாக்கெட்டில் போட்டார்.

"மாமி, இனிமே இத நீங்க தொடக் கூடாது. இந்தம்மா கைலதான் குடுக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கூடப் போய்ட்டு வா. வழில நின்னா ஃபோன் பண்ணு" என்றார்.

மாமி ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில். அடையாறு பாலத்தில் போகும்போது எங்கள் குடிசைகள் இருந்த இடத்தைக் காட்டலாம் என்று பார்த்தேன். எந்த இடம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மாமி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். வருமா, வராதா, அவ்வளவுதான் அவர் நினைப்பு.

பெசன்ட் நகரில் கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால் அந்த இல்லம். கேட்டுக்கு எதிரே நிறுத்தி, மாமி ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை மிதித்தார். உர்ர், உர்ர். எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. நைட்டியும், கிராப் வெட்டின வெள்ளை முடியுமாக ஓர் அம்மாள் தடதடவென்று வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா! வந்துட்டேளா!"

மாமி இன்ஜினை அணைக்காமலே இறங்கி ஓடினார். சாரு அம்மாள் மாமியின் தோளுக்கு மேலே காரை எட்டிப் பார்த்தார். "அத்திம்பேர் எங்கே?"

செத்துப்போன மாமியின் வீட்டுக்காரரைத்தான் கேட்டார். மாமி கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "வண்டிய ஓரமா நிறுத்திண்டு இருக்கார். நீ உள்ள வா, வந்துடுவார்." பிறகு கைப்பையை எடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்து, ஜன்னலில் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார். "அவர் போயிட்டார்னு சொன்னேன் கஸ்தூரி. ஒவ்வொரு வாரமும் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு அன்னிக்குத்தான் செத்துப் போனார். அப்படி அழுவா. அப்புறம் சொல்றதை விட்டுட்டேன்."

சாரு அம்மாள் படியேறவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "ஏன் இன்னும் வரலை? கோபமா?"

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கிறவர்கள் கத்தும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்கத் தெரியும், அவ்வளவுதான். நியூட்ரலில் இருக்கிறதா என்று கியரை ஆட்டிப் பார்த்துக்கொண்டு, நகர்ந்து அவருடைய சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது, அங்கிருந்து பார்த்தால் உள்ளே யார் என்று தெரியாது. மிதித்தேன். உர்ர்ர் என்றது.

சாரு அம்மாள் கைதட்டிச் சிரித்தார். "பாரு, இதோ வரேங்கறார்!" மாமியும் சிரித்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் படியேறினபோது, ஆம்பிளை துணைக்கு வந்திருக்கிற பொம்பளை நடக்கிற மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் இன்னும் வருவார் என்று காத்திருக்க உலகத்தில் ஓர் ஆள் இல்லையே என்று அழுகை அழுகையாக வந்தது. அவர்கள் உள்ளே போய் மறைகிற வரைக்கும் மிதித்துக்கொண்டே இருந்தேன்.